குழலுக்குள் பார்க்கிற ஜாராவ்

என் தங்கை புருஷன் ஜாராவைப் பற்றி எங்கள் நீளவீட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். இருபத்தேழு குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற வீடு. முதல் வாசலில் சொன்ன கதை, சோறு வேகிறதற்குள் கடைசி வாசலுக்குப் போய்விடும். ‘ஆயுசு முழுக்கத் துப்பாக்கிக் குழலுக்குள்ள பார்த்தான், ஒரே ஒரு நாள் பார்க்கலை, அன்னைக்குக் கை போச்சு.’ இதுதான் கதை. கேட்பவன் முதலில் சிரிப்பான், பிறகு ஐயோ பாவம் என்பான். பதினெட்டு வருஷமாக நானும் பக்கத்தில் உட்கார்ந்து அரிசிக் கள்ளைக் குடித்துக்கொண்டே கேட்டேன். அந்தக் கதை பொய். பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவனும் நானும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜாராவ் கீழாற்றுக்காரன். என் தங்கை சுந்தாவைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக எங்களிடம் வந்தான். அப்பா எங்கள் அறைக்கு அடுத்த அறையை அவர்களுக்குக் கட்டிக்கொடுத்தார். ஒல்லி உடம்பு, பெரிய காது, பேச்சு கம்மி. மிளகுக் கொடிக்குக் கம்பு நட்டால்கூட நூல் பிடித்துத்தான் நடுவான். நான் ஒரு வரிசை முடித்துவிட்டு வந்து பார்த்தால் அவன் நாலாவது கம்பின் கோணலைச் சரி பண்ணிக்கொண்டிருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது எங்கள் குடும்பத்துக்கு ஒரே துப்பாக்கி. ஒற்றைக் குழல், நடுவில் மடக்கித் திறந்து ஒரு தோட்டா போடுகிற ரகம். அப்பாவுக்குக் கண் மங்கியதும் லைசென்ஸ் என் பெயருக்கு மாறியது. ஆனாலும் அதற்குப் பெயர் அப்பாவின் துப்பாக்கிதான். குறி தவறாமல் சுடுவதில் அப்பாவுக்கு அடுத்தது நான் இல்லை, ஜாராவ். இது எனக்குப் பிடிக்காத விஷயம், ஆனால் உண்மை. அவன் கையில் கொடுத்தால் கறி வரும், என் கையில் இருந்தால் சத்தம் வரும் என்று அப்பாவே எல்லோர் எதிரிலும் சொல்வார்.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. படகிலிருந்து கரையில் கால் வைத்தவுடன் துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை எடுப்பான். பின்பக்கம் கண்ணை வைத்துக் குழல் வழியாக வானத்தைப் பார்ப்பான். வழுக்கி விழுந்து எழுந்தால் பார்ப்பான். மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு ஒன்றுக்குப் போய் வந்தாலும் பார்ப்பான். உள்ளே வட்டமாக வெளிச்சம் தெரிந்தால்தான் மறுபடி தோட்டா. இடுப்பில் நீளமாக ஒரு பிரம்புக் குச்சி, நுனியில் துணி சுற்றி, எப்போதும் தொங்கும்.

கடைசி வாசல் பெலாஜாவுக்கு வாய் சும்மா இருக்காது.

“என்ன மாப்ள, உள்ள சுந்தா தெரியுறாளா?”

“வெளிச்சம் தெரியுது மாமா. அது போதும்.”

“தினம் தினம் அதே வெளிச்சத்தத்தானேடா பாக்குற? சலிக்கலையா?”

“சலிக்காம இருந்தாத்தான் மாமா வீடு போய்ச் சேரலாம்.”

கல்யாணத்துக்கு முன்னால் அவன் மரம் வெட்டும் முகாமில் வேலை பார்த்தவன். அங்கே அவன் கூட்டாளி ஒருத்தன் கரையில் சறுக்கி, துப்பாக்கியின் வாய் சேற்றில் குத்திக்கொண்டது. வெளியே ஒட்டிய சேற்றைச் சட்டையால் துடைத்தவன் உள்ளே பார்க்கவில்லை. ஒரு கட்டைவிரல் அளவு சேறுதான். எதிரே மான் நின்றது, சுட்டான்.

“குழலு வாழப்பூ கணக்கா விரிஞ்சிருச்சு மச்சான்” என்று ஜாராவ் எனக்கு ஒருமுறை சொன்னான். “மருந்து வெடிச்சா அது வெளிய போக ஒரு வழி வேணும். முன்வழிய அடைச்சா பக்கவாட்டுல வரும். பக்கவாட்டுல நம்ம கைதானே இருக்கு?”

“சரிடா, ஊருல எல்லாரும் சுடுறான். எல்லாருக்குமா வெடிக்குது?”

“எல்லாருக்கும் வெடிக்க வேணாம். ஒருக்கா போதும்.”

இந்தப் பதில்தான் எனக்கு ஆகாது. வாதத்தில் தோற்ற மாதிரி இருக்கும்.

ஒரு பழக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டுரியான் பழம் விழுகிற சமயம், பன்றிகள் மலையிலிருந்து இறங்கிவிட்டன. நானும் அவனும் போனோம். பதினைந்து அடி தூரத்தில் ஒரு ஆண் பன்றி, எருமைக் கன்றளவு. ஜாராவ் விசையை இழுத்தான். டப்பென்று வெடிக்க வேண்டியது, புஸ்ஸென்று காற்றுப் போனது மாதிரி ஒரு சத்தம். தோட்டா ஈரம் குடித்திருக்கிறது. பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது. நான் அடுத்த தோட்டாவை நீட்டினேன். இந்த மகான் என்ன செய்தான் தெரியுமா? துப்பாக்கியைத் தரைப்பக்கம் நீட்டிக் கொஞ்சநேரம் சும்மா நின்றான். பிறகு மடக்கினான், வெற்றுத் தோட்டாவை உருவினான், கண்ணை வைத்துப் பார்த்தான், இடுப்புக் குச்சியை எடுத்து நிதானமாகக் குத்த ஆரம்பித்தான். பன்றி வேண்டுமட்டும் எங்களைப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது.

“அறிவிருக்காடா ஒனக்கு? நின்ன பன்னிய விட்டுட்டுக் கொழாய் குத்துறான் பாரு!” என்று கத்தினேன்.

குழலிலிருந்து அட்டையும் நாருமாக ஒரு அடைப்பு கீழே விழுந்தது. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வைக்கிற அந்த அடைப்பு, தள்ள வேகம் இல்லாமல் பாதி வழியில் நின்றுவிட்டிருக்கிறது. அதன் பின்னாலேயே ஈயக் குண்டுகள் உதிர்ந்தன.

“இது மேல நீ கொடுத்த தோட்டாவ வெடிச்சிருந்தா?” என்று கேட்டுவிட்டு அந்த அடைப்பை என் உள்ளங்கையில் வைத்தான்.

நான் அதை விட்டெறிந்தேன். அன்றைக்கு வீட்டில் கீரையும் கருவாடும்தான். பன்றி நின்ற கதையை நான்தான் பெலாஜாவிடம் சொல்லிச் சிரிக்க வைத்தேன். என் விரல்கள் முழுசாக இருக்கின்றன என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அப்பா செத்தார்.

துக்கம் காக்கிற வழக்கம் வீட்டுக்கு வீடு வேறு. எங்கள் வீட்டில் மூன்று மாதம். அதுவரைக்கும் மணி, மேளம் கிடையாது, நல்ல துணி கிடையாது, வெடிச்சத்தம் கிடையவே கிடையாது. செத்தவர் புழங்கிய ஆயுதத்தைத் தூணில் ஏற்றிவிட்டால் துக்கம் முறிக்கிற நாளில் மூத்த மகன்தான் இறக்க வேண்டும். நடுவில் யாரும் விரல் படக் கூடாது. அப்பாவின் துப்பாக்கியைப் பொதுக்கூடத்துத் தூணில், இரண்டு மான்கொம்பின் மேல் படுக்கவைத்தேன். மூத்த மகன் என்ற பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதம் போயிருக்கும். ஜாராவ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மச்சான், தூணுகிட்ட குளவி சுத்துது. வாயில மண்ண வச்சுக்கிட்டுச் சுத்துது.”

“சுத்தட்டும். கூரையில கூடு கட்டும்.”

“கூரையில இல்ல மச்சான். ஓட்டயாத்தான் தேடும் அது. ஒரு துணிய மட்டும் குழல் வாயில அடைச்சு வைக்கிறேனே? இல்லாட்டி நீயே வையி.”

“தொடக் கூடாதுன்னு தெரியுமா தெரியாதா?”

“தெரியும். அதான் கேக்குறேன்.”

விட்டிருக்கலாம். நீளவீட்டுத் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒரு கோழியை அறுத்துப் பரிகாரம் பண்ணிவிட்டுத் துணியை அடை என்றிருப்பார். வழக்கத்தில் அதற்கெல்லாம் வழி இருக்கிறது. அடுத்த வாரமும் அவன் வந்து கேட்டான். அன்றைக்குக் கூடத்தில் பத்துப் பேர் பாய் முடைந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி நான் சொன்னேன்:

“வீட்டோட வந்த மாப்பிள்ளைக்கு எங்கப்பன் துப்பாக்கி மேல என்னடா அக்கறை? கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இரு.”

அவன் காது சிவந்தது. எழுந்து போனான். அதற்குப் பிறகு துப்பாக்கியைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. குளவியும் சில நாளில் காணாமல் போய்விட்டது. வேலை முடிந்தால் அது ஏன் சுற்றப்போகிறது?

துக்கம் முறிக்கிற நாளும் வந்தது. விருந்துக்குக் கறி வேண்டும். மறுபடி பழக்காலம், விடிகிற நேரத்தில் பன்றிகள் ஆற்றை நீந்திக் கடக்கின்றன என்று மேலாற்று நீளவீட்டுக்காரர்கள் சொல்லியனுப்பினார்கள். ஜாராவைப் படகு எடுத்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு நான் துப்பாக்கியை இறக்கினேன். தலைவர் அரிசி தூவினார், நான் துணியால் வெளித்தூசியை மட்டும் துடைத்தேன், துப்பாக்கியை அப்பாவின் பழைய சாரத்தில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மடக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சை இழுத்து விடுகிற நேரம். எனக்குத் தோன்றாமல் இல்லை, தோன்றியது. தலைவர் எதிரில் நின்று நானும் ஜாராவ் மாதிரி கண்ணை வைத்துப் பார்த்தால், குளவிக்கூடு உள்ளே இருந்துவிட்டால், அன்றைக்குப் பத்துப் பேர் முன்னால் அவனைப் பேசினேனே, அந்தப் பேச்சு என்ன ஆவது? அந்த எண்ணம்தான். வேறு ஒன்றும் இல்லை.

ஆற்றில் பனி. நான் முன்னால், ஜாராவ் பின்னால் துடுப்போடு. வளைவு திரும்பியதும் மூன்று தலைகள் தண்ணீரில் தெரிந்தன. நான் சாரத்தை உதறி, துப்பாக்கியை மடக்கி, தோட்டாவைத் திணித்து மூடினேன். என் குறி ஊரறிந்தது. விருந்துக்குக் கறி இல்லாமல் போனால் மூத்த மகனுக்கு மானக்கேடு. திரும்பி அவனிடம் நீட்டினேன். தோட்டா போட்ட துப்பாக்கியைப் படகில் கைமாற்றினால் அவன் எப்போதும் திட்டுவான். அன்றைக்குத் திட்டவில்லை.

“குழல பாத்தியா மச்சான்?”

“பாத்தாச்சு. சுடு.”

அவன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தான். குளவியைப் பற்றி இரண்டு தடவை சொல்லியிருக்கிறான், தொடாதே என்று இரண்டு தடவையும் தடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் பார்த்தாச்சு என்றால் பார்த்துத்தானே இருப்பான் என்று நம்பியிருக்கிறான். மச்சான் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. அவன் துப்பாக்கியைத் தூக்கினான்.

அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வரவில்லை. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. புகை விலகியபோது குழல், அவன் இடது கை பிடித்திருந்த இடத்துக்குச் சற்று முன்னால், வாழைப்பூ மாதிரியே விரிந்திருந்தது. அவன் சொன்ன அதே மாதிரி. இடது கையில் கட்டைவிரலும் பாதிச் சுட்டுவிரலும் மிச்சம். படகுக்குள் சிதறிக் கிடந்ததில் செம்மண் கட்டியும் இருந்தது. அதில் குளவிப் புழுவுக்கு வைத்த சிலந்திகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

அப்பாவின் சாரத்தைக் கிழித்துக் கட்டினேன். மோட்டார் படகில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம். வழி முழுக்க அவன் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தான். நான் “மாப்ள, மாப்ள” என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன்.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் வந்து அவன் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார். லைசென்ஸ் என் பெயரில், துப்பாக்கி அவன் கையில். ஜாராவ் சொன்னான்:

“நான்தாங்க பிடுங்கி வாங்கினேன். எப்பவும் குழல பாப்பேன். அன்னைக்குப் பாக்கல. என் தப்பு.”

அவர் எழுதிக்கொண்டு போனார். அவர் போனதும் நான் வாயைத் திறந்தேன். “மாப்ள...” என்றேன்.

“தண்ணி கொடு மச்சான்” என்றான்.

கொடுத்தேன். குடித்தான். அந்தத் தண்ணீரோடு நான் சொல்ல வேண்டியதும் இறங்கிப் போய்விட்டது.

இப்படித்தான் அந்தக் கதை பிறந்தது. அவனே சொன்னதுதானே என்று நானும் சும்மா இருந்தேன். அவன் காட்டை வருஷா வருஷம் நான் வெட்டிக் கொடுத்தேன். மிளகுக்குக் கம்பு நட்டேன், அதுவும் நூல் பிடித்து. பன்றி அடித்தால் தொடைக்கறி முதலில் அவன் வாசலுக்குப் போகும். ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். “மச்சான்னா லுன்சா மாதிரி இருக்கணும்” என்று தலைவரே என்னைக் காட்டிச் சொன்னார். அடி வாங்கினால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மூன்று வருஷம் கழித்து எனக்கு வேறு துப்பாக்கி வந்தது. நான் வேட்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் ஜாராவ் படகுத்துறைப் படியில் உட்கார்ந்திருப்பான். கட்டைவிரலுக்கும் பல்லுக்கும் நடுவே பிரம்பைப் பிடித்துக் கூடை முடைந்துகொண்டிருப்பான்.

“குழல பாத்தியா மச்சான்?”

நான் மடக்கிப் பார்ப்பேன். பிறகு அவன் கண்ணுக்கு நேராகவும் பிடிப்பேன். அவன் பார்த்துவிட்டு “சரி” என்பான். கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். “கை போனப்புறம் புத்தி வந்துச்சு பாரு!” என்று பெலாஜா சொல்வான். ஜாராவும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஆயுசுக்கும் ஒரு தடவைகூடத் தவறாத மனுஷனைக் கவனமில்லாதவன் என்று ஊர் சிரிக்கும், நான் படகில் ஏறிப் போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் அறைக்குப் போவேன். நான் நுழைந்தவுடன் சுந்தா குவளையை வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். என் மேல் அவளுக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்வேன். நானும் அவனும் தனியே உட்கார்ந்திருப்போம். அவன் குடிக்காமல் குவளையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். எத்தனையோ தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிறகு மிளகு இலை மஞ்சளாவதைப் பற்றிப் பேசுவேன், கோழிக்கு வந்த சீக்கைப் பற்றிப் பேசுவேன். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கு அது பழங்கதை, மறந்திருப்பான், கிளறுவானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்து வருவேன்.

போன மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சுச்சளி வந்தது. பட்டணத்துக்குப் போகலாம் என்றேன். “பாத்துக்கலாம் மச்சான்” என்றான். ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் போய்விட்டான்.

அன்று காலை வீட்டுக்குக் கீழே தூண்களுக்கு நடுவே சவப்பெட்டி செய்துகொண்டிருந்தோம். பெலாஜா பலகை இழைத்தான், நான் ஆணி அடித்தேன். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து புகையிலை சுருட்டினார்கள். சாவு வீட்டில் செத்தவனைப் பற்றிப் பேசுவதுதானே வழக்கம். பெலாஜா ஆரம்பித்தான்:

“நல்ல மனுசன்யா. என்ன, ஆயுசு முழுக்கக் குழலுக்குள்ள பாத்தான், ஒரே ஒரு நாளு...”

“அவன் கேட்டான்” என்றேன்.

“எவன் என்னத்தக் கேட்டான்?”

“ஜாராவ். சுடறதுக்கு முந்தி, குழல பாத்தியான்னு என்னக் கேட்டான். நான் பாக்கல. பாத்தாச்சுன்னு சொன்னேன். பொய் சொன்னேன். அவன் கையத் தின்னது குளவி இல்ல, நான்.”

பெலாஜாவின் கையில் இழைப்புளி நின்றது. ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒருவர் எழுந்து ஆற்றுப்பக்கம் போனார். பெலாஜா தலையைக் குனிந்துகொண்டு, “பதினெட்டு வருசமா அவன வச்சுச் சிரிச்சேனேடா, பாவி” என்றான். அவன் தன்னைச் சொன்னானா என்னைச் சொன்னானா தெரியவில்லை.

சுத்தியலைப் போட்டுவிட்டு ஏணியேறித் தங்கையிடம் போனேன். அவள் ஜாராவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சொன்னேன்.

“தெரியும்ணே” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாரு. நான் ஒங்கிட்ட சண்டைக்குக் கிளம்பினேன். ‘போகாத, அவனா வந்து சொல்லுவான், அவன் கெட்டவன் இல்ல’ன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீ வரும்போதெல்லாம் நான் கூடையத் தூக்கிக்கிட்டு எதுக்கு வெளிய போவேன்னு நெனச்ச? ‘நீ இருந்தா அவனுக்கு வாய் வராது, தனியா விடு’ன்னு அவருதான் அனுப்புவாரு.”

அவள் அவனுடைய இடது கையைப் போர்வைக்குள் சரியாக வைத்தாள்.

“போன ஞாயித்துக்கிழமையும் நீ போனப்புறம் வந்து கேட்டேன், அண்ணன் சொல்லுச்சான்னு. ‘இல்ல, கோழியப் பத்திப் பேசினான்’னாரு. இருமிக்கிட்டே சிரிச்சாரு. ‘அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லுவான் பாரு’ன்னாரு.”

அதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.